முதுகுக்குப் பின்னால் வந்த பந்து

எப்போதும் சொதப்புகிறவனோடு காலம் தள்ளிவிடலாம். அவனிடம் ஒன்றையும் எதிர்பார்க்கத் தேவையில்லை. இடைக்கிடை மிக நன்றாகச் செய்துவிடுகிறவனோடுதான் ஒன்றும் செய்ய முடியாது. அவன் நம்மை நம்பிக்கையிலேயே வைத்திருந்து கொன்றுவிடுவான்.

என்னை அப்படிக் கொன்றவன் பெயர் சிரில். கொட்டாஞ்சேனைக்காரன், எங்கள் கல்லூரி உதைபந்தாட்டக் குழுவின் சென்டர் ஹாஃப். அந்தக் காலத்து ஆட்டத்தில் சென்டர் ஹாஃப் என்றால் பந்தியில் அகப்பை பிடிக்கிறவன் மாதிரி. பின்னாலிருந்து வருகிற பந்தை வாங்கி, முன்னால் நிற்கிற எல்லோருக்கும் அவன்தான் பரிமாற வேண்டும். அந்தப் பந்தியில் இடது பக்கத்துக் கடைசி ஆளாக, கோட்டோடு கோடாக, வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு நின்ற லெஃப்ட் விங் நான்.

வெள்ளைக்காரன் இலங்கையில் இருந்தான், போவதாக யோசனையும் இல்லை. எங்கள் குடும்பம் முதலில் கொட்டாஞ்சேனையில் இருந்தது. ஐயாவுக்குத் துறைமுகச் சுங்கத்தில் கிளாக்கர் வேலை. பிறகு யாழ்ப்பாணத்தார் எல்லோரும் வெள்ளவத்தைக்குப் போகிறார்களே என்று நாங்களும் போனோம். நான் மட்டும் பழைய கல்லூரியை விடவில்லை. வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கி, அங்கிருந்து டிராமில் தொங்கிக்கொண்டு தினமும் போய்வந்தேன். (படிப்பின் மேல் இருந்த பற்று என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். பந்தின் மேல் இருந்த பற்று. படிப்பு அதே டிராமில் வந்ததே தவிர, என்னோடு இறங்கியதில்லை.)

சிரிலுக்கு விளையாடத் தெரியாது என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பின்னேரப் பயிற்சியில் என் துவாயை மைதானத்தின் மூலையில் விரித்துவிட்டு, "எங்கை, அடி பாப்பம்" என்பேன். அவன் நடுவில் நின்றபடி, ஏதோ யோசனையில் இருப்பவன் போல் ஒரு தட்டுத் தட்டுவான். பந்து எழும்பி, வளைந்து, களைத்துப்போன புறா வந்து உட்காருவது போலத் துவாயில் உட்காரும். (அந்தத் துவாயால் பிறகு முகம் துடைக்க முடியாது, அது வேறு கதை.) பயிற்சி பார்க்க வந்த பாதிரியார் ஒருவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதே சிரில், அதே பந்து, அதே மைதானம், ஆனால் எதிரே இன்னொரு கல்லூரிக்காரர் நின்றால், பந்து எங்கே போகும் என்று அவனைப் படைத்தவனுக்கே தெரியாது. பாதிரிமாரின் வாழைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறது. கடலைக்காரனின் வண்டிக்குள் போயிருக்கிறது. ஒருமுறை நடுவரின் பிடரியில் பட்டு, அவர் விசிலை விழுங்கிவிட்டாரோ என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அடித்து முடித்த உடனே அவன் கையைத் தூக்கி, "சொரி மச்சான்!" என்று கத்துவான். அந்தக் குரலில் அவ்வளவு உண்மையான வருத்தம் இருக்கும். நான் அடிக்கப் போன கையை அப்படியே தலையைச் சொறியக் கொண்டுபோய்விடுவேன்.

எல்லா ஆட்டத்திலும் அப்படி என்றால் எங்களைப் பழக்கிய மாஸ்டர் அவனை நீக்கியிருப்பார். அப்படியும் இல்லை. மழை பெய்து சேறாய்க் கிடந்த ஒருநாள், வேறு யாருடைய பந்தும் முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாத நேரத்தில், அவன் எனக்கு அடித்துத் தந்த பந்துகளில் நான் இரண்டு கோல் போட்டேன். அடுத்த ஆட்டம் நல்ல வெயில். அன்றைக்கு அவன் எதிரிக் குழுவின் ரைட் பேக்குக்கு மட்டும்தான் சரியாகப் பந்து கொடுத்தான். அந்தப் பையன் ஆட்டம் முடிந்து வந்து சிரிலின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

இதற்கு ஏதாவது காரணம் இருக்கத்தானே வேண்டும்? நான் காரணம் தேடுவதில் இறங்கினேன். அந்தக் கவனத்தில் பாதியை லத்தீனில் செலுத்தியிருந்தால் இன்றைக்கு நான் ஒரு நீதவான்.

முதலில் சப்பாத்தைச் சந்தேகித்தேன். வெறுங்காலோடு ஆடச் சொன்னேன். ஒரு ஆட்டம் அற்புதம், மறு ஆட்டத்தில் பெருவிரல் நகம் போனது. பிறகு கடற்காற்றைச் சந்தேகித்தேன். பிறகு சாப்பாட்டை. ஆட்டத்துக்கு முதல்நாள் அவனை வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டுபோய் அம்மாவின் இடியப்பமும் சொதியும் சாப்பிட வைத்தேன். மறுநாள் அவன் அடித்த பந்தெல்லாம் என் காலடியில். கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் துள்ளினேன். அடுத்த ஆட்டத்துக்கு முதல்நாளும் கூட்டிவந்தேன். அம்மா இரட்டிப்பாக அவித்துப் போட்டாள். மறுநாள் ஒரு பந்துகூட என் பக்கம் வரவில்லை.

"இடியப்பத்திலை ஒரு பிழையும் இல்லை," என்றாள் அம்மா, நான் வாய் திறக்க முதலே. "அந்தப் பிள்ளை ஆசையா எவ்வளவு சாப்பிட்டுது! நீ ஓடிப் போய் எடுக்கிறதுக்கென்ன?"

சிரிலிடமே ஒருநாள் கேட்டேன். கல்லூரி மதிலில் உட்கார்ந்திருந்தோம்.

"அடிக்கேக்குள்ள என்னடா நினைக்கிறனி?"

அவன் நெடுநேரம் யோசித்தான். பொய் சொல்ல மாட்டான், அவனிடம் இருந்த தொல்லையே அதுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

"எனக்கே தெரியா மச்சான். சில நாள் காலு சொல்றத பந்து கேக்குது. சில நாள் கேக்குதில்ல. நான் என்ன செய்ற?"

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டு மறந்திருக்கலாம், லண்டன் மெட்ரிக்குலேஷன் என்னை இரண்டாவது தடவையும் கவிழ்க்காமல் இருந்திருந்தால். கவிழ்த்தது. லத்தீன்தான். ஐயா பெறுபேற்றைக் கேட்டுவிட்டு ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கைலேஞ்சியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தபடி, "கொண்ணையிட்டைச் சொல்லு, இவனைக் கூட்டிக்கொண்டு போகட்டும்," என்றார் அம்மாவிடம்.

அம்மாவின் தமையன், என் பெரிய மாமா, குருநாகலில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். ஒரு விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். ஆறடி அகலக் கடை. முன்னால் பலகையில் மாமா சம்மணம் கட்டி உட்கார்ந்திருப்பார், சுற்றிவரச் சுருட்டுக் கட்டுகள். காலையில் உட்கார்ந்தால் இரவு எழும்புவார். கடைக்குள்ளேயே சமையல், கடைக்குள்ளேயே படுக்கை. புகையிலை மணம் சோற்றில் இருந்தது, தலையணையில் இருந்தது, மாமா விட்ட பெருமூச்சில்கூட இருந்தது. ஓடுவதற்கென்று இரண்டு கால்களைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒருவனை அங்கே சம்மணம் கட்ட வைக்கப்போகிறார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த கனகசபை அண்ணர் வந்தார். கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் தலைமைக் கிளாக்கர். வெற்றிலையை மென்றபடி அவர் ஐயாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"எங்கடை கம்பனி டீமுக்கு லெஃப்ட் விங் ஒருத்தன் வேணும். இருந்தவன் கலியாணம் முடிச்சுத் தடிச்சுப் போனான். துரைக்குப் பந்துப் பைத்தியம். ஓடக்கூடின பெடியனெண்டால் மெட்ரிக் கிட்ரிக் ஒண்டும் கேளார், உடனை கதிரை போட்டுக் குடுப்பார். வாற சனிக்கிழமை உங்கடை பெடியன்ரை கடைசி மாட்சுக்கு நான் ஆளைக் கூட்டிவாறன்."

ஐயா என்னைக் கூப்பிட்டார். "கேட்டுக்கொண்டுதானே நிண்டனி. இந்த ஒரு மாட்ச். துரை எடுத்தால் எடுக்கட்டும். இல்லாட்டி திங்கட்கிழமை மாமாவோடை வெளிக்கிடுறாய். பிறகு ஒரு கதையும் கதைக்கப்படாது."

"ஓம் ஐயா," என்றேன்.

என் எதிர்காலம் என் காலில் இருந்திருந்தால் நான் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அது சிரிலின் காலில் இருந்தது.

மறுநாள் பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போய், அவன் வீட்டு வாசலில் நின்று, எல்லாவற்றையும் கொட்டினேன். சுருட்டுக்கடை, மாமா, தலையணை மணம் ஒன்றையும் விடவில்லை. சிரிலின் கண் கலங்கிவிட்டது. அவனுடைய அம்மா உடனே மெழுகுதிரி கொளுத்தப் புறப்பட்டுவிட்டார். சிரில் என் தோளைப் பிடித்து, "பயப்படாத மச்சான். சனிக்கிழம எல்லாப் பந்தும் ஒனக்குத்தான்," என்றான். எனக்குப் பயம் அப்போதுதான் தொடங்கியது.

சனிக்கிழமை. மாஸ்டர் துரைக்கென்று இடது கோட்டுக்குப் பக்கத்தில், வாகை மரத்தடியில், ஒரு பிரம்பு நாற்காலி போட்டு வைத்திருந்தார். இடது பக்கம் என் பக்கம். இது நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். நாலரைக்கு ஆட்டம். நாலரைக்குச் சரியாக, விசில் ஊதுவதற்குச் சற்று முன், வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் போட்ட ஒருவர் கைத்தடியோடு வந்தார். சட்டைப்பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெள்ளைக்காரன் நேரம் தவறமாட்டான் என்பது எங்கள் தலைமுறைக்குப் பாலோடு சேர்த்து ஊட்டப்பட்ட விஷயம். நேரத்துக்கு வந்தவர், வெள்ளையாக இருந்தார், துரையின் நாற்காலியில் உட்கார்ந்தார். இதற்குமேல் யாருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? கனகசபை அண்ணரைக் காணவில்லையே என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மாஸ்டர் தூரத்திலிருந்தே குனிந்து வணக்கம் வைத்தார். வேலியோரம் வெயிலுக்குக் குடை பிடித்து நின்ற ஐயா, துரைக்கு முன்னால் மரியாதை இல்லை என்று குடையைச் சுருக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்டம் முழுக்க வேர்த்து வழிந்தார். நான் ஓடும் ஓட்டத்திலேயே, "குட் ஈவினிங், சேர்!" என்றேன். அவர் தொப்பியைத் தூக்கினார். வேலை பாதி கிடைத்துவிட்டதாகவே எனக்குப் பட்டது.

ஆட்டம் தொடங்கியது. சிரில் சொன்ன சொல் தவறவில்லை. எல்லாப் பந்தையும் எனக்கே அடித்தான். ஒன்றாவது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

முதல் பந்து என் தலைக்கு மேலால் போய் வாகை மரத்தில் சிக்கியது. ஒருவன் ஏறி இறக்க வேண்டியிருந்தது. அடுத்தது எனக்குப் பின்னால். அதற்கடுத்தது வெளியே போய்ப் பிரம்பு நாற்காலியின் காலில் பட்டது. "துரை" கைத்தடியால் அதைப் பண்பாகத் தள்ளிவிட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் உயிரைக் கொடுத்து ஓடினேன். ஓடி முடித்ததும் நாற்காலியின் பக்கம் திரும்பி, பாருங்கள் என் கதியை என்பதுபோல் ஒரு சிரிப்புச் சிரித்தேன். ஒவ்வொரு தடவையும் நடுவிலிருந்து "சொரி மச்சான்!" என்ற குரல் வந்தது.

இடைவேளையில் தோடம்பழத் துண்டுகளோடு எல்லோரும் வட்டமாக நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குப் பந்து தாறியோ, இல்லை கொட்டாஞ்சேனை முழுக்கப் பிரிச்சுக் குடுக்கிறியோ? கண்ணை வீட்டிலை வைச்சிட்டு வந்தனியோடா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரில் சிரிக்கவில்லை, "சொரி"யும் சொல்லவில்லை. தோடம்பழத் தோலை மெதுவாக நிலத்தில் போட்டுவிட்டு, சப்பாத்து நூலை இழுத்துக் கட்டினான். அவன் காது இரண்டும் சிவந்திருந்ததை நான் கண்டேன். கண்டும் எனக்கு மனம் இரங்கவில்லை. என் மனமெல்லாம் ஆறடி அகலக் கடையில் இருந்தது.

இரண்டாவது பாதியிலும் அதே கதை. நான் ஓடுவதைக் குறைத்து, கையை விரிப்பதைக் கூட்டினேன். பந்து தவறும்போதெல்லாம் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினேன். தலையில் அடித்துக்கொண்டேன். "பாத்து அடியடா!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன். மைதானத்தில் அன்றைக்கு மிக நன்றாக வேலை செய்தது என் தொண்டைதான். இரு பக்கமும் கோல் இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். துரை என்னிடம் இதுவரை பார்த்தது, வராத பந்துக்கு ஓடிய ஒரு ஆளை மட்டும்.

அப்போதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. காலால் காட்ட முடியாததை வாயால் சொல்லிவிட்டால் என்ன?

பந்து மறுகோடியில் நின்றது. நான் கோட்டைத் தாண்டி நாற்காலிக்கு முன்னால் போய், மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி, நிமிர்ந்து நின்றேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். (லத்தீனில் இரண்டு தடவை தோற்றவனின் ஆங்கிலம் எப்படியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.) மேன்மை தங்கிய ஐயா, நான் பழுதில்லாத ஆட்டக்காரன். குதிரையைப் போல ஓடுவேன். இன்று நீங்கள் காண்பது என் தவறல்ல. அந்தச் சென்டர் ஹாஃபுக்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை, இருக்கிற மூளையும் ஆட்டத்துக்கு வருவதில்லை. உங்கள் கம்பனியில் எனக்கு நல்ல சென்டர் ஹாஃப் ஒருவனைத் தந்தால், நான் யாரென்று காட்டுவேன்.

அவர் கைத்தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துப் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளுக்கு மேலால் எதையோ பார்த்தார். கண் விரிந்தது.

"தம்பி," என்றார், சுத்தமான கொட்டாஞ்சேனைத் தமிழில். "ஒங்க பந்து வருது. திரும்பிப் பாருங்க."

நான் திரும்பவில்லை.

ஏன் திரும்பவில்லை என்று இத்தனை வருஷமாகக் கேட்கிறார்கள். துரை தமிழ் பேசுகிறாரே என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், அதுதான் காரணம். அதோடு விட்டேனா? "யுவர் தமிழ் இஸ் வெரி குட், சேர்," என்று அவரைப் பாராட்டவும் செய்தேன்.

மைதானமே என் பெயரைக் கத்தியது. ஐயாகூடக் கத்தினாராம். நான் திரும்பியபோது பந்து இறங்கிக்கொண்டிருந்தது. மைதானத்தின் நடுவிலிருந்து எழும்பி, எல்லோருடைய தலைக்கும் மேலால் வளைந்து, இடது மூலையில், நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில், துவாயில் இறங்குகிற மாதிரியே மெத்தென்று இறங்கியது. அங்கே துவாய்கூட இல்லை. எதிரிகளில் ஒருவனும் கிட்ட இல்லை, கோல்காரனும் முன்னால் வந்து நின்றிருந்தான். சும்மா ஓடி வந்து காலை வைத்தால் போதும். பந்து ஒருமுறை துள்ளியது, இன்னும் ஒருமுறை சின்னதாகத் துள்ளியது, பிறகு உருண்டு உருண்டு, எனக்காகக் காத்திருப்பது போல மெதுவாக, கோட்டைத் தாண்டி வெளியே போனது.

அவர்கள் அந்தப் பந்தை எடுத்து அடித்து, அப்படியே கொண்டுபோய் எங்கள் கோலுக்குள் போட்டார்கள். விசில் ஊதியது.

நான் கோட்டோரம் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலிக்காரர் எழும்பி என் தலையைத் தடவினார்.

"நான் ரயில்வேல கார்ட்டா இருந்து பென்ஷன் எடுத்த ஆளு. சிரில்ட ஞானத்தகப்பன். அவன் அம்மா கட்டாயம் வாங்க எண்டு சொன்னா, அதுதான் வந்த. கதிர சும்மா கிடந்திச்சு, உக்காந்த." அவர் பறங்கியர், எப்போதோ வந்த ஐரோப்பியரின் வழிவந்தவர். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவன் நல்ல பிள்ள தம்பி. கண்ணு காலெல்லாம் இருக்கு," என்றார்.

உண்மையான துரை அப்போது மைதானத்தின் மறுபக்கத்தில், கல்லூரி வாசலில், காருக்குப் பக்கத்தில் நின்றார். கனகசபை அண்ணரும் கூட நின்றார். கிளப்பில் சாப்பாடு நீண்டுவிட்டதாம். (நேரம் தவறியிருக்கிறார். அதுவும் என்னுடைய ஆட்டத்துக்கு.) ஆட்டம் முழுவதிலும் துரை தன் கண்ணால் கண்டது ஒரேயொரு பந்து. அந்தப் பந்து.

அன்றிரவு கனகசபை அண்ணர் வந்தபோது என்னைப் பார்க்காமல் ஐயாவைப் பார்த்தே சொன்னார். "துரை சிரிச்சுச் சிரிச்சு வாறார். இப்பிடியொரு பாஸ் இலங்கையிலை தான் கண்டதில்லையாம். அந்தச் சென்டர் ஹாஃபைத் திங்கட்கிழமையே வரச் சொல்லட்டாம்." வெற்றிலைச் சாற்றை முற்றத்தில் துப்பிவிட்டு வந்தார். "லெஃப்ட் விங்கையும் கேட்டவர். மாட்ச் நடக்கேக்குள்ள முதுகைக் காட்டிக்கொண்டு கதைச்சுக்கொண்டு நிண்ட அந்தப் பெடியனுக்கு ஏதும் சுகமில்லையோ எண்டு."

அம்மா உள்ளே போய் என் தகரப் பெட்டியை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை காலை கோட்டை ஸ்டேஷனில் மாமா பத்திரமாக என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஓடிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த நேரத்தில் சிரில் வந்தான். வெள்ளைக் கால்சட்டை, இரவல் கோட்டு, அழுத்தி வாரிய தலை. கம்பனிக்கு முதல்நாள் போகிற வழி. என் முன்னால் வந்து நின்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். கடைசியில் சட்டைப்பையிலிருந்து ஒரு கடலைச் சுருளை எடுத்து என் கையில் திணித்துவிட்டு விறுவிறென்று போய்விட்டான். என்னைப் பார்க்க அவனுக்கு அவ்வளவு பாவமாக இருந்திருக்கிறது என்று நினைத்தேன். ரயில் புறப்பட்ட பிறகு, மாமா பார்க்காத பக்கமாகத் திரும்பி அழுதேன். கடலையையும் தின்றேன்.

குருநாகலில் என் இளமை சம்மணம் கட்டி உட்கார்ந்தபடியே போனது. யுத்தம் வந்தது, அரிசிக்குக் கூப்பன் வந்தது, போனது. கடைக்கு முன்னால் பெடியன்கள் பந்தடித்துக்கொண்டு போனால் என் இடது பாதம் தொடைக்கடியில் தானாக அசையும். மாமா அதைக் கண்டால் கனைப்பார். அந்தச் சனிக்கிழமையை நான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன் என்று சொன்னால் மிகை. கடை பூட்டியிருந்த நாட்களில் நினைக்கவில்லை. ஏனென்றால் அந்த நாட்களில் கணக்குப் பார்க்கும் வேலை இருந்தது.

சிரில் கம்பனி டீமில் ஒரு பருவம் ஆடினான். அடித்ததெல்லாம் கடலுக்கும் ரயில் பாதைக்கும் போயிற்று. துரை அந்த ஒரு பாஸை நினைத்து நினைத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் டீமை விட்டு நீக்கினார். வேலையிலிருந்து நீக்கவில்லை. அவன் கணக்கில் கெட்டிக்காரன், பிழை விடாதவன் என்று பெயரெடுத்துவிட்டான். (கணக்கில் மட்டும் பிழை விடாத மனுஷன்!) பிற்காலத்தில் கனகசபை அண்ணரின் கதிரையிலேயே உட்கார்ந்தான்.

நான் கலியாணம் முடித்து, மாமா கண்ணை மூடிய பிறகு வெள்ளவத்தைக்குத் திரும்பி, அங்கே ஒரு சின்னக் கடை போட்டேன். கதை எனக்கு முன்னமே வந்து வீட்டில் குடியிருந்தது. ஐயா சொல்லி, அம்மா சொல்லி, என் மனைவி நாகம்மாவுக்கு அது மனப்பாடம். அடுப்பில் பால் பொங்கினால், "திரும்பிப் பாருங்கோ, பந்து வருது" என்பாள். நான் வாசலில் யாரோடாவது கதைத்துக்கொண்டு நின்று பஸ்ஸைத் தவறவிட்டால், பிள்ளைகள் ஜன்னலிலிருந்து, "யுவர் தமிழ் இஸ் வெரி குட், சேர்!" என்று கூவுவார்கள். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு, கடைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்தப் பந்து வந்ததே, அவன் சொன்னபடி எனக்குத் தந்தானே, நான்தானே நிற்கவில்லை என்ற நினைப்பு வயதானாலும் ஆறவில்லை.

சிரில் பென்ஷன் எடுத்த வருஷம், நத்தார்ப் பண்டிகைக்குக் கேக்கோடு வீட்டுக்கு வந்தான். தலை முழுக்க வெள்ளை. நாகம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கம்போல அந்தப் பந்தைப் பற்றி எடுத்தாள். சிரில் தேத்தண்ணியைக் கீழே வைத்தான். அன்றைக்கு ஸ்டேஷனில் திறந்த அதே வாயைத் திறந்தான். இந்தத் தடவை மூடவில்லை.

"மச்சான், அந்தப் பந்து நான் ஒனக்கு அடிக்கல்ல."

"என்ன?"

"நீ மாட்ச் முழுக்கக் கத்தின தானே. எல்லாருக்கும் முன்னுக்கு ஏசின தானே. எனக்கு நல்லாக் கோவம் வந்திட்டு. இனி இவனுக்குப் பந்து குடுக்கிறேல்ல, நானே கோல் போடுறன் எண்டு நெனச்சுத்தான் அடிச்ச. கோலுக்கு நேரா அடிச்ச மச்சான். அது அங்க போயிட்டு."

நானும் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். "அப்ப, ஸ்டேஷனிலை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா வேல போயிருமே," என்றான். பிறகு, பழைய குரலிலேயே, "சொரி மச்சான்," என்றான்.

குருநாகலும், பலகையும், புகையிலை மணத்த தலையணையும் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்முன் வந்தன. எனக்கு வராத பந்துக்காக, தவறி விழுந்த பந்துக்காக, இத்தனை காலம் நான் என்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவனை அடிக்கலாமா என்று பார்த்தேன். கை வழக்கம்போலத் தலையைச் சொறியப் போனது. சரி, எப்படியோ பாரம் இறங்கியதே, பிழை என்னுடையதில்லையே என்று நான் ஒரு பெருமூச்சு விடப் போன நேரம், நாகம்மா கேக்கை வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப, அவர் பிழையா அடிச்ச பந்துகூட உங்களைத் தேடித்தான் வந்திருக்கு," என்றாள். "அதுக்கும் நீங்கள் நிக்கேல்லை."

இப்போது எங்கள் வீட்டில் கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. பழையதே பரவாயில்லை.